யாருக்குப் பிறந்தநாள்?

ஒரு காலத்தில் நம் நாட்டில் பிறந்தநாள் விழா என்பது அரசனுக்கே உரியதாக இருந்தது. தொல்காப்பியத்தின் புறத்திணையியல் மன்னனின் பிறந்தநாள் விழாவைப் 'பெருமங்கலம்' என்று குறிப்பிடுகிறது. அன்று மன்னன் சினம் தணிந்து, மக்களுக்கு அருள் செய்வானாம். நமக்கு அண்டையிலுள்ள தஞ்சையில் இராசராச சோழன் பிறந்த சதய நட்சத்திரம் ஐப்பசிதோறும் இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பேரரசனின் நட்சத்திரம் நமக்குத் தெரிகிறது. ஆனால், அவன் எழுப்பிய கோயிலுக்குக் கல் சுமந்தவர்கள் எந்த நாளில் பிறந்தார்கள்? பிறக்காமல் எவரும் கல் சுமந்திருக்க முடியாது. அவர்கள் பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

நண்பர்களே! இந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் தோன்றியதன்று. தில்லைநகரில் ஓர் உணவு விடுதியில், பொம்மை ரயில் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆறு வயதுக் குழந்தையின் எதிரே அமர்ந்திருந்தபோது தோன்றியது.

அக்குழந்தை என் அக்காள் மகள். தென்னூரில் எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள். மாநகராட்சிப் பள்ளியில் முதல் வகுப்புப் படிக்கிறாள். சென்ற சூலை 15-ஆம் நாள் மாலை பள்ளியிலிருந்து வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல், "மாமா, இன்னைக்குக் காமராசர் தாத்தாவுக்குப் பிறந்தநாள். சர்க்கரைப் பொங்கல் போட்டாங்க" என்றாள். சற்று யோசித்துவிட்டு, "என் பிறந்தநாளைக்கு என்ன போடுவாங்க?" என்று கேட்டாள்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்விதான். ஆனால் பள்ளிக்கூடத்துச் சோற்றுக்கு எங்கள் வீட்டில் ஒரு வரலாறு உண்டு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று உணர்ந்து 1956-ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியவர் காமராசர். 1982 சூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் திருச்சியை அடுத்த பாப்பாகுறிச்சியில்தான். என் தாய் முதல் வகுப்பில் சேர்ந்தது அந்த ஆண்டு. இந்தக் குழந்தையோ 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் காலையிலும் பள்ளியிலேயே சாப்பிடுகிறாள். தலைவர்கள் பிறந்ததால் பிள்ளைகளுக்குப் பொங்கல் கிடைக்கிறது. தான் பிறந்ததற்கு என்ன கிடைக்கும் என்று அவள் கேட்டதில் என்ன தவறு?

அவள் கேட்டது கேக் அன்று, புத்தாடையும் அன்று. பக்கத்து வீட்டார் கைப்பேசியில் காட்டிய ஒரு காட்சி அவள் மனத்தில் பதிந்திருந்தது. உணவு விடுதி ஒன்றில் மேசைகளை ஒட்டித் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். சமையற்கட்டிலிருந்து ஒரு பொம்மை ரயில் தட்டுகளைச் சுமந்து வந்து, நாம் அமர்ந்திருக்கும் மேசையருகே நிற்கும். நாம் எடுத்துக்கொண்டதும் ஊதிவிட்டுப் புறப்படும். "ரயில் சோறு" என்று அதற்கு அவளே பெயர் வைத்துவிட்டாள்.

விடுமுறை நாட்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலைக்கு நான் செல்வதுண்டு. அங்கே பிறந்தநாள் விருந்துகள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். ஒரு மண்டபம் முழுவதும் காடாகிவிடும். சுவரெல்லாம் புலியும் யானையும். இன்னொன்றில் விண்வெளி, கேக்கே ஒரு ராக்கெட். இவ்வகை விருந்து மேலைநாட்டிலிருந்து வந்தது என்பார்கள். ஓரளவு உண்மைதான். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் 1979-ஆம் ஆண்டு குழந்தைகளுக்கென்று தனி உணவுப் பெட்டியை அறிமுகம் செய்தபோது, அதற்குச் சர்க்கஸ் வண்டியின் உருவத்தைத்தான் கொடுத்தது. கேக் வெட்டும்போது எல்லோரும் பாடுகிற அந்த ஆங்கில மெட்டும், 1893-இல் ஆசிரியப் பணியிலிருந்த அமெரிக்கச் சகோதரிகள் இருவர் பள்ளிக் குழந்தைகளின் காலை வணக்கத்துக்காக வெளியிட்ட பாட்டின் மெட்டே.

ஆனால் சோற்றை விளையாட்டாக்கிக் குழந்தைக்குத் தருவது நமக்குத் தெரியாத கலையா? முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து பிசைந்து உருட்டி உண்ட நிலாச்சோறு என்ன? தெருப்பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஆக்கிய கூட்டாஞ்சோறு என்ன? ஆடிப்பெருக்கன்று திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறுமாகக் காவிரியைப் பார்த்துக்கொண்டு உண்பது என்ன? நிலவும் ஆறும் அங்கே அலங்காரம். இங்கே ரயில். ஆகவே அவள் ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று பந்தி வேலைக் காசைத் தனியே எடுத்து வைத்தேன்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அக்காள் வேலை பார்க்கும் துணிக்கடையில் ஞாயிறன்றுதான் கூட்டம் அதிகம்; விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மாவுக்கும் வேலை. "அம்மாயி வந்தாதான் நான் வருவேன்" என்று குழந்தை பிடிவாதம் பிடித்தாள். என் தாயைப் பெற்ற பாட்டியைத்தான் நாங்கள் அம்மாயி என்கிறோம். எங்களைக் கேட்டு அவளும் அப்படியே அழைக்கிறாள். "எனக்கெதுக்குடா அங்கெல்லாம், கால் வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே அம்மாயி நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

தென்னூரிலிருந்து தில்லைநகர் நடந்து போகிற தூரம்தான். அந்தக் குறுக்குத் தெருக்கள் எனக்குத் தெரிவதைவிட அம்மாயிக்கு நன்றாகத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வீட்டு வேலை செய்கிறார். வழியில் ஒரு மாடி வீட்டைக் காட்டி, "இந்த வீட்டுப் பெரிய தம்பி ஆவணி மூலம். கேசரி கிண்டுவாங்க" என்றார். நாலு வீடு தள்ளி, "இங்கே பாப்பாவுக்குத் தை மாசம் பூசம். இப்ப வெளிநாட்டுல இருக்குது" என்றார். இன்னொரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகளாம். பங்குனி உத்திரத்துக்கு முதல் நாளாம். ஒவ்வொரு பிறந்தநாள் முடிந்தும் எத்தனை தட்டுக் கழுவினார் என்பதுவரை அவருக்கு நினைவிருந்தது. குழந்தை ஒவ்வொரு வீட்டையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

விடுதியில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ரயில் நிலையத்தின் பெயர். லால்குடி, அரியலூர், விருத்தாசலம், மணப்பாறை. எங்களுக்குக் கிடைத்தது 'ஸ்ரீரங்கம்'. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, மூன்று மொழியில், உண்மையான நிலையத்தில் இருப்பதைப் போலவே. குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'ஸ்ரீ' மட்டும் அவளுக்கு வரவில்லை. அதைத் தாண்டிக்கொண்டு "ரங்கம்" என்று முடித்தாள்.

முதலில் குட்டி இட்லிகள் வந்தன. ரயில் வளைவில் திரும்பியதும் அவள் நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாள். கோட்டை ரயில் நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கரூர் செல்லும் வண்டிகளின் ஓசையில்தான் அவள் தினமும் உறங்கி எழுகிறாள். அப்படியிருந்தும் அந்தப் பொம்மை வண்டி அவளுக்குப் புதுமையாகவே இருந்தது. பெரிய ரயில் யாருக்காகவோ வருகிறது. இந்த ரயில் அவளுக்காக வந்தது. வேறுபாடு அதுதான் என்று நினைக்கிறேன்.

சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'இன்று பிறந்தநாள் காண்போருக்குக் கேக் இலவசம். சான்று காட்டவும்.' பரிமாறிய இளைஞருக்கு என் வயதுதான் இருக்கும். கைப்பேசியில் இருந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழைக் காட்டினேன். அவர் சிரித்த முகத்துடன் குறித்துக்கொண்டார். உடனே குழந்தை, "அம்மாயிக்கும் கேக் உண்டா?" என்றாள். "பாட்டிக்கும் இன்னைக்குப் பிறந்தநாளா? அட்டை இருக்கா பாட்டி?" என்று அவர் வேடிக்கையாகக் கேட்டார். அம்மாயி அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது அட்டை கேட்டால் எடுத்துக் காட்டிப் பழகியவர். சுருக்குப் பையைத் திறந்து, நான்காக மடித்த காகிதங்களுக்கு நடுவிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

பிறந்த தேதி 01-01-1968.

"எங்க ஆயாவுக்கும் சனவரி ஒண்ணுதாண்ணே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அந்த இளைஞர் அட்டையை இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார்.

நாடெங்கும் எத்தனையோ முதியவர்கள் சனவரி முதல் நாளில் 'பிறந்தவர்கள்'. வயது மட்டும் சொல்லி நாள் சொல்லத் தெரியாதவர்களுக்கு, ஆண்டைக் கணக்கிட்டு அந்த ஆண்டின் முதல் நாளை எழுதிவிடுவது வழக்கம். 2013-இல் எங்கள் பகுதியில் நடந்த ஒரு முகாமில் அம்மாயி அந்த அட்டையைப் பெற்றார். "வயசு என்ன? நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டார்களாம். வரிசை நீளமாக இருந்தது. அம்மாயி "போட்டுக்குங்க" என்றார். 2013-இல் 45 வயது, ஆகவே 1968.

நான் கணிதம் படிக்கிறேன்; புள்ளியியல் எனக்குத் துணைப்பாடம். மக்கள் தங்கள் வயதைச் சொல்லும்போது 0 அல்லது 5-இல் முடியும் எண்ணாகவே சொல்லும் பழக்கத்துக்கு 'வயதுக் குவிப்பு' என்று பெயர். அதை அளக்க 'விப்பிள் குறியீடு' என்று ஒன்று உண்டு. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில், 0, 5 ஆகியவற்றில் முடியும் வயதுகளைச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று அது பார்க்கும். குவிப்பே இல்லையென்றால் மதிப்பு 100. எல்லோரும் 0, 5-லேயே சொன்னால் 500. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்தக் குறியீட்டுக்குள் என் அம்மாயி உட்கார்ந்திருப்பார் என்று நான் எண்ணியதில்லை.

என் தாய் பிறந்தது 1977 நவம்பரில், திருச்சி நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்த நாட்களில். இது வீட்டில் எல்லோரும் அறிந்த செய்தி. 1982 சூன் மாதம் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது நிறையவில்லை. எனவே பள்ளியில் 1977 சூன் என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று அது பெரிய உதவி. அவர்களை வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பாருங்கள். என் தாய் பிறந்தபோது அவரைப் பெற்றவருக்கு வயது ஒன்பதரை!

குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "அம்மாயி, உனக்கு எப்பதான் பிறந்தநாள்?" என்று கேட்டாள். "யாரு கண்டா?" என்றார் அம்மாயி. "உங்க அம்மா சொல்லலையா?" என்றாள் அவள். அந்த நேரத்தில் ரயில் மறுபடியும் வந்து நின்றது. குழந்தை சிரித்தாள். இரண்டு நாட்களுக்கு முன்புதான் அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

அம்மாயி அந்த வாயையும் ரயிலையும் மாறி மாறிப் பார்த்தார். "தனுஷ்கோடியிலே ரயில் கடலுக்குள்ள போச்சே, ஊரே அதைத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு. அப்ப எனக்கும் இதே மாதிரி முன்பல் விழுந்திருந்துச்சு. பல்லைக் கூரைமேல போடக்கூட யாருக்கும் நேரமில்லைன்னு அழுதேன்" என்றார். பிறகு, தனக்குள் பேசுவதைப் போல, "மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியக்காலம் பொறந்தேன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியைக் கடல் கொண்டு போனது அன்றுதான். குழந்தைகளுக்கு முதல் பால் பற்கள் விழுவது பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில். 1964-இன் முடிவில் அம்மாயிக்கு ஏறத்தாழ ஏழு வயது என்று கொண்டால், அவர் பிறந்தது 1958 சனவரி. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காணும் பொங்கல். 1977-இல் என் தாயைப் பெற்றபோது அவருக்குப் பத்தொன்பது வயது. எல்லாம் பொருந்துகிறது. அடையாள அட்டையின் கணக்கிலோ, தனுஷ்கோடியில் புயல் வீசியபோது அவர் பிறக்கவே இல்லை!

இதனால் என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். முதியோர் உதவித்தொகை பெற அறுபது வயது நிறைந்திருக்க வேண்டும். 2023-இல் அந்தத் தொகை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சென்ற ஆண்டு அம்மாயிக்காக நான்தான் விண்ணப்பம் எழுதினேன். அட்டையைப் பார்த்துவிட்டு, "2028-இல் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையில் இருக்கும் தாளைத்தானே அவர்கள் பார்க்க முடியும்? ஆனால் அறுபத்தேழு வயதில் இன்னும் மூன்று வீடுகளில் அவர் பாத்திரம் துலக்குகிறார். மூன்று வீட்டுப் பிள்ளைகளின் நட்சத்திரத்தை மறக்காத ஒருவருக்கு, தம் பிறந்தநாள் தெரியாததால் பத்து வயது குறைந்துவிட்டது. வயது குறைந்தால் மகிழ்பவர்கள் உண்டு. அம்மாயிக்கு அது கூடுதலாகப் பத்து ஆண்டு உழைப்பு.

ஒன்று சொல்ல வேண்டும். 'தெரியாது' என்று நாங்கள் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் தெரியாதது அன்று. அவர் நெஞ்சில் அது இருந்தது. நட்சத்திரமாக இல்லை, தேதியாக இல்லை. ஒரு புயலாகவும் ஒரு பல்லாகவும் ஒரு பண்டிகையாகவும் இருந்தது. அலுவலகத்தில் 'வயது என்ன' என்று கேட்டார்கள். ஒரு குழந்தைதான் 'உனக்கு எப்போது பிறந்தநாள்' என்று கேட்டாள். இரண்டும் ஒரே கேள்வியைப் போலத் தோன்றும். முன்னது கட்டத்தை நிரப்புவதற்கு. பின்னது கேக்கில் பங்கு கொடுப்பதற்கு.

அதன்பின் கேக் வந்தது. குழந்தை அதை மூன்றாகப் பங்கிடச் சொன்னாள். அம்மாயிக்குத் தித்திப்பு அதிகமாக இருந்தது; இருந்தாலும் மிச்சம் வைக்கவில்லை. பில்லுக்குப் பணம் கொடுத்தபோது எனக்கு வருத்தம் ஏதும் தோன்றவில்லை. தட்டுகளை அடுக்கி மேசையைத் துடைக்கப் போன அம்மாயியின் கையைப் பிடித்து, "இருக்கட்டும் பாட்டி, அது எங்க வேலை" என்றார் அந்த இளைஞர்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர், நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நமக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைத் தெரிவித்துப் பதிய வேண்டும். 2023 அக்டோபர் முதல் பிறக்கும் குழந்தைகளுக்கோ பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே வயதுக்கு ஆதாரம். ஆகவே நமக்குப் பின்னால் வருபவர்களைப் பற்றிக் கவலையில்லை. நமக்கு முன்னால் வந்தவர்களைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

அது கடினமான ஆராய்ச்சியன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது தெரியாதவர்களிடம் ஊரறிந்த நிகழ்ச்சிகளைச் சொல்லி வயதை ஊகிக்கும் முறை நெடுநாளாக உண்டு. அதையே நாம் வீட்டில் செய்யலாம். தனுஷ்கோடிப் புயலின்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? 1967-இல் அண்ணா முதலமைச்சரானபோது பள்ளிக்குப் போனீர்களா? 1977 வெள்ளத்தில் யார் யார் கைக்குழந்தை? 1987-இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா? சோறு உண்ணும் வேளையில் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டு, விடைகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளை எந்த அலுவலகமும் சான்றாக ஏற்காது என்பது உண்மைதான். ஆனால் எங்கே, எந்தச் சான்றைத் தேடுவது என்பதற்கு அது வழி காட்டும். அம்மாயியை அரசு மருத்துவரிடம் அழைத்துச் சென்று வயதுச் சான்று கேட்க இருக்கிறேன். அட்டையைத் திருத்தவும் மனு எழுதியாகிவிட்டது. முடிவு எப்படி ஆகும் என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியவில்லை.

குழந்தைக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அவள் தன் வழியில் தீர்மானித்துவிட்டாள். நாட்காட்டியில் வரும் காணும் பொங்கலைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு ரயில் வரைந்திருக்கிறாள். அன்று திருச்சியில் பாதிப்பேர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு முக்கொம்புக்குப் போவார்கள். நாங்களும் போகிறோம். புளிச்சோறு என் தாயின் பொறுப்பு. கேக் என் பொறுப்பு.

"அங்கே ரயில் வராதே" என்றேன் நான்.

"ஆறு வரும்ல?" என்றாள் அவள்.